எபிக்டெட்டஸ் எப்படிப் பாடம் நடத்தினார்?

கேள்வி: "எபிக்டெட்டஸ் சொன்னதாகப் பொன்மொழிகள் திரும்பிய பக்கமெல்லாம் கிடைக்கின்றன. அவர் எப்படி வாழ்ந்தார், மாணவர்களுக்கு உண்மையில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று யாராவது விளக்க முடியுமா?"

முடியும். பண்டைய கிரேக்கத் தத்துவவாதிகளில், வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்று இவ்வளவு கிட்டத்தில் நாம் பார்க்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. சாக்ரடீஸைப் பிளேட்டோவின் கைவண்ணத்தில்தான் பார்க்கிறோம். அரிஸ்டாட்டிலிடமிருந்து பாடக் குறிப்புகள் மிஞ்சின. அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பையன்கள் மிஞ்சவில்லை. எபிக்டெட்டஸ் விஷயத்தில் பையன்களும் இருக்கிறார்கள். ஒருவன் சக மாணவனைப் பார்த்துச் சிரிக்கிறான், இன்னொருவன் ஊர் ஞாபகத்தில் புலம்புகிறான், ஆசிரியர் எரிந்து விழுகிறார். எல்லாம் பதிவாகியிருக்கிறது.

பொன்மொழிகளை மட்டும் படித்தால் அவர் சாந்தமே உருவான சாமியார் மாதிரி தெரிவார். மாணவர் எடுத்த வகுப்புக் குறிப்புகளில் இருப்பவர் வேறு ஆள். கிண்டல்காரர், நடித்துக் காட்டத் தெரிந்தவர், பையன் எத்தனை புத்தகம் படித்தான் என்பதை ஒரு பொருட்டாகவே மதிக்காத வாத்தியார். இன்று மேற்கோளாகச் சுற்றும் வரிகளில் பெரும்பாலானவை அந்த வாத்தியார் கொடுத்த வீட்டுப்பாடங்கள். அப்படிப் பார்த்தால்தான் அவை புரியும் என்பது என் கட்சி.

முதலில் வாழ்க்கை. கி.பி. 50-ஐ ஒட்டி ஃபிரிஜியாவில் உள்ள ஹியராபொலிஸ் நகரில் பிறந்தார். இன்றைய துருக்கியில் வெந்நீர் ஊற்றும் வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் படிகளும் பார்க்கக் கூட்டம் போகிறதே பமுக்கலே, அதே இடம்தான். பிறகு ரோமில் எபஃப்ரோடிட்டஸ் என்பவரின் வீட்டில் அடிமையாக இருந்தார். அந்த எஜமானரே ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். விடுதலை பெற்று, நீரோ மன்னனின் செயலராகி, செல்வமும் செல்வாக்கும் சேர்த்தவர். 68-இல் நீரோ தன் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டபோது அழுத்த உதவியவர் இவர்தான். ஒரு மன்னனின் சாவுக்குக் கைகொடுத்தவன் என்ற அந்தக் காரணத்தையே சொல்லிப் பல ஆண்டுகள் கழித்து, அப்போதைய ரோமப் பேரரசன் டொமிஷியன் இவரைக் கொன்றான்.

இந்த வீட்டுக் கதைகளைப் பின்னாளில் வகுப்பில் எடுத்துவிடுவார் எபிக்டெட்டஸ். ஒன்று இது. எபஃப்ரோடிட்டஸிடம் ஃபெலிசியோ என்று செருப்புத் தைக்கும் அடிமை ஒருவன் இருந்தான். எதற்கும் லாயக்கில்லை என்று அவனை விற்றுவிட்டார். அவனை வாங்கியவர் அரண்மனையைச் சேர்ந்த ஆள். ஃபெலிசியோ சீசருக்கே, அதாவது ரோமப் பேரரசருக்கே, செருப்புத் தைப்பவன் ஆகிவிட்டான். அவ்வளவுதான். "நம்ம ஃபெலிசியோ எப்படி இருக்கிறார்?" என்று பழைய எஜமானர் குழைய ஆரம்பித்தார். "ஐயா என்ன செய்கிறார்?" என்று யாராவது கேட்டால், "ஃபெலிசியோவோடு ஆலோசனையில் இருக்கிறார்" என்று பதில் வருமாம். இன்னொரு கதையில், பெரும் பணக்காரர் ஒருவர் எபஃப்ரோடிட்டஸின் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறார்: என்னிடம் மிஞ்சியிருப்பது வெறும் 15 லட்சம் செஸ்டர்ஸ் நாணயம்தான். எஜமானர் உருகிப்போய், "அடப்பாவமே, இத்தனை நாள் வாயைத் திறக்காமல் எப்படித் தாங்கிக்கொண்டாய்!" என்கிறார். அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர்கள் எதற்கெல்லாம் நடுங்குகிறார்கள் என்பதை அடிமையாக ஓரமாக நின்று பார்த்தவருக்கு, யார் சுதந்திரமானவன் என்ற கேள்வி புத்தகத்திலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை.

கால் விஷயம் பலரும் கேட்பது. அவர் நொண்டி, "நொண்டிக் கிழவன்" என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறார். எஜமானர் காலை முறுக்கியபோது "உடைந்துவிடும்" என்று அமைதியாகச் சொன்னார், உடைந்ததும் "சொன்னேனே" என்றார் என்ற கதை வெகு பிரபலம். அது அவருக்குப் பிந்தைய காலத்தவர்கள் சொன்னது. இன்னொரு பழைய தகவல் வாதநோய் என்கிறது. அவர் வாயால் காரணம் எதுவும் சொன்னதாகக் குறிப்புகளில் இல்லை. பொன்மொழிக்கு ஏற்ற மாதிரி இவ்வளவு கச்சிதமாக உடைந்த கால் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

அடிமையாக இருந்தபோதே அவருக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார்: முசோனியஸ் ரூஃபஸ். அன்றைய ரோமில் மிகவும் மதிக்கப்பட்ட ஸ்டோயிக், அதாவது வெளியே நடப்பதை அல்ல, நம் மனத்தையும் நடத்தையையும் சரிசெய்வதே நல்வாழ்வு என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர். எபிக்டெட்டஸின் வகுப்பறைப் பாணியில் பாதி அங்கிருந்து வந்தது. ஒருநாள் தர்க்கப் பாடத்தில், ஒரு வாதத்தில் விட்டுப்போன படியைக் கண்டுபிடிக்க எபிக்டெட்டஸுக்கு முடியவில்லை. ரூஃபஸ் திட்டினார். "என்ன, கேப்பிட்டோலையா கொளுத்திவிட்டேன்?" என்று இவர் முணுமுணுத்தார். ரோமின் தலையாய கோயில் அது. 69-இல் உள்நாட்டுச் சண்டையில் எரிந்து சாம்பலானது எல்லோருக்கும் ஞாபகம் இருந்த காலம். ரூஃபஸ் விடவில்லை: "அடேய், இந்த இடத்தில் விட்டுப்போன அந்தப் படிதான் கேப்பிட்டோல்." இதைத் தன் மாணவர்களிடம் சொல்லிக்காட்டுகிறார் எபிக்டெட்டஸ், அவர்களும் இதே மாதிரி சாக்குச் சொல்கிறார்கள் என்பதற்காக.

ரூஃபஸைப் பற்றி அவர் சொல்லும் இன்னொரு விஷயம்: அவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவனுக்கும், யாரோ தன்னைப் பற்றி இவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றே தோன்றுமாம். "என்னைப் பாராட்ட உங்களுக்கு நேரம் இருந்தால் நான் பேசியது வீண்" என்பாராம் ரூஃபஸ்.

விடுதலையானபின் எபிக்டெட்டஸ் ரோமிலேயே தத்துவம் பேசினார். 93-ஐ ஒட்டி டொமிஷியன் தத்துவவாதிகளை இத்தாலியை விட்டே விரட்டியபோது, கடல் தாண்டி மேற்குக் கிரேக்கத்தில் இருந்த நிகோபொலிஸுக்குப் போனார். கி.மு. 31-இல் ஆக்டியம் போரில் ஆன்டனியையும் கிளியோபாட்ராவையும் வென்றதன் நினைவாக அகஸ்டஸ் கட்டிய நகரம். இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே போகிறவர்கள் கப்பல் மாறும் ஊர். அதனால் பள்ளிக்கு மாணவர்கள் வருவதும் எளிது. பதவிக்குப் போகிற அதிகாரிகள், வழக்குக்குப் போகிறவர்கள், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எட்டிப்பார்ப்பதும் எளிது. சாகும்வரை, அதாவது 135-ஐ ஒட்டிய காலம் வரை, அங்கேயே இருந்தார்.

அவர் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. 108 வாக்கில் அங்கே படித்த அர்ரியன் என்ற இளைஞர் எழுதிவைத்ததுதான் நமக்குக் கிடைத்தது. இந்த அர்ரியன் பின்னாளில் ரோமில் கான்சல் என்ற உயர் பதவிக்கு வந்து, கப்படோசியா மாகாணத்தின் ஆளுநராகி, அலெக்சாண்டரின் படையெடுப்பைப் பற்றி இன்றும் வரலாற்றாசிரியர்கள் நம்பும் நூலை எழுதியவர். அந்த நூலைத் தேர்ந்த இலக்கிய கிரேக்கத்தில் எழுதியவர், ஆசிரியரின் பேச்சை மட்டும் தெருவில் புழங்கும் கிரேக்கத்தில் அப்படியே விட்டுவைத்தார். "இதை நான் நூலாக இயற்றவில்லை, அவர் பேசியதை முடிந்தவரை அவர் சொற்களிலேயே எனக்காகக் குறித்துக்கொண்டேன், என்னை அறியாமல் வெளியே போய்விட்டது" என்று முன்னுரையில் சொல்கிறார். 8 புத்தகங்களில் 4 மிஞ்சியுள்ளன. உரைகள் என்று அழைக்கப்படுவது இதுதான். அதிலிருந்து சாரமாக அர்ரியனே தொகுத்த சின்ன நூல் கையேடு. நாம் இணையத்தில் பார்க்கும் வரிகளில் பல கையேட்டிலிருந்து வருபவை.

இனி வகுப்பு.

ஸ்டோயிக் பள்ளியில் முறையான பாடம் என்றால் பழைய ஆசிரியர்களின் நூலை, குறிப்பாகக் கிரிசிப்பஸை, மாணவன் வாய்விட்டுப் படித்து விளக்க வேண்டும், ஆசிரியர் திருத்துவார். தர்க்கப் பயிற்சிகள் உண்டு. இதையும் எபிக்டெட்டஸ் விடாமல் நடத்தினார். விடிந்ததும் இன்று எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன், உடனே "எவன் எப்படிப் படித்தால் எனக்கென்ன, முதலில் தூங்குவோம்" என்று தோன்றும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அர்ரியன் குறித்துவைத்தது பெரும்பாலும் இந்தப் பாடத்தை அல்ல. பாடத்துக்கு நடுவிலும் பின்னாலும் ஆசிரியர் பேசியது, யாரோ கேள்வி கேட்டபோது நடந்தது, வெளியாள் வந்தபோது நிகழ்ந்தது. அதனால்தான் அது உயிரோடு இருக்கிறது.

பாடத்தை அவர் மூன்றாகப் பிரித்தார். முதலாவது, எதை விரும்புகிறோம், எதை வெறுத்து ஒதுக்குகிறோம் என்பதைச் சரிசெய்வது. இரண்டாவது, மகனாக, சகோதரனாக, குடிமகனாக நமக்குள்ள கடமைகள். மூன்றாவது, மனத்தில் படுவதை ஏமாறாமல் ஆராய்ந்து உண்மை என்று ஒப்புக்கொள்வது, அதாவது தர்க்கம். மூன்றாவது கடைசியில்தான் வரவேண்டும், முதல் இரண்டில் தேறியவனுக்குத்தான் அது. ஆனால் வருகிற பையன்கள் எல்லாம் நேராக மூன்றாவதுக்குத் தாவுகிறார்கள் என்பது அவருடைய ஓயாத புகார். புதிர் வாதங்களை அவிழ்ப்பது கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது, கோபத்தை அடக்குவது அப்படித் தெரிவதில்லை. கிரிசிப்பஸைத் தானே படித்துப் புரிந்துகொள்கிறேன் என்று பெருமையடிக்கும் மாணவனுக்கு அவர் சொன்ன பதில் இது: ஒரு விளையாட்டு வீரனிடம் "உன் தோளைக் காட்டு" என்கிறேன், அவன் "என் எடைக்கற்களைப் பாருங்கள்" என்கிறான். நீயும் உன் கற்களும் பார்த்துக்கொள்ளுங்கள்; அவற்றால் உன் உடம்பு என்ன ஆனது என்றுதான் நான் பார்க்க வேண்டும்.

அவருடைய கேள்வி முறைக்கு ஆகச்சிறந்த சாட்சி உரைகளில் முதல் புத்தகத்தின் 11-ஆம் அத்தியாயம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் அதிகாரி பார்க்க வருகிறார். பேச்சுவாக்கில், மனைவி மக்கள் உண்டா என்று கேட்கிறார் எபிக்டெட்டஸ். உண்டு. வாழ்க்கை எப்படிப் போகிறது? பரிதாபமாக. ஏன்? பிள்ளைகளை நினைத்துத்தான். அண்மையில் என் சின்ன மகளுக்கு உடம்பு முடியாமல் போய், பிழைக்கமாட்டாள் என்று தோன்றியபோது, பக்கத்தில் இருக்கவே முடியவில்லை. வீட்டை விட்டு ஓடிவிட்டேன். குணமாகிவிட்டது என்று ஆள் வந்து சொன்னபிறகுதான் திரும்பினேன்.

நீங்கள் செய்தது சரி என்று நினைக்கிறீர்களா?

இயல்பானதைத்தான் செய்தேன் என்கிறார் அதிகாரி. எல்லா அப்பாக்களும், சரி, பெரும்பாலான அப்பாக்கள் அப்படித்தான்.

எபிக்டெட்டஸ் திட்டவில்லை. பலர் செய்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை, அது சரியா என்பதுதான் கேள்வி என்கிறார். உடம்பில் கட்டி வருவதும் அடிக்கடி நடப்பதுதான், அதற்காக அது உடம்புக்கு நல்லதாகிவிடுமா? பிறகு பிடி கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. குடும்பத்தின் மேல் பாசம் இயல்பானது, நல்லது என்று ஒத்துக்கொள்கிறீர்களா? ஆமாம். அறிவுக்கு ஏற்றதும் நல்லது? ஆமாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுமா? மோதாது. சரி, அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அவள்மேல் பாசம் உண்டா? உண்டு. அவளும் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமா? கூடாது. செவிலித் தாய்க்குப் பாசம் உண்டா? அவளும் போயிருக்கலாமா? கூடாது. குழந்தையை வெளியே கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலையாள்? அவனும் கூடாது. அப்படியென்றால் பாசத்தின் பேரால் நீங்கள் செய்ததை, அதே பாசம் உள்ள எல்லோரும் செய்திருந்தால், அந்தக் குழந்தை தன்மேல் அன்போ அக்கறையோ இல்லாதவர்களின் கையில் செத்திருக்கும்.

கடைசிப் பிடி: நீங்கள் நோயில் படுத்தால், உங்கள் மனைவியும் மக்களும் தனியாக விட்டு ஓடும் அளவுக்கு உங்கள்மேல் பாசம் வைக்க வேண்டும் என்று விரும்புவீர்களா? அப்படிப்பட்ட பாசத்தை எதிரிகள் வைக்கட்டும் என்றல்லவா வேண்டிக்கொள்வீர்கள், கிட்டே வராமல் இருப்பார்கள்!

அதிகாரியிடம் பதில் இல்லை. இதோடு விட்டிருந்தால் வாதத்தில் வென்றதாக மட்டும் ஆகியிருக்கும். எபிக்டெட்டஸ் இதற்கு மேலும் ஒரு படி போகிறார். உங்களை ஓடவைத்தது எது? குழந்தையின் நோய் இல்லை, அது தாயையும் ஓடவைக்கவில்லையே. ஓடுவதே சரி என்று உங்களுக்குப் பட்டது, அதனால் ஓடினீர்கள். ரோமில் ஒருவன் தன் குதிரை பந்தயத்தில் ஓடுவதைப் பார்க்கத் தாங்காமல் தலையை மூடிக்கொண்டானாம், அது ஜெயித்துவிட்டது என்று கேட்டதும் மயங்கி விழ, பஞ்சில் நீர் தொட்டுத் தெளிவிக்க வேண்டியிருந்ததாம், அவனும் இப்படித்தான். இனி நீங்கள் ஆராய வேண்டியது உங்கள் ஆட்களையோ குதிரையையோ அல்ல, உங்களுக்கு எது எப்படிப் படுகிறது என்பதை. அதற்கு ஒரு படிப்பாளியாக ஆக வேண்டும். எல்லோரும் பார்த்துச் சிரிக்கும் பிராணி அது, நினைவிருக்கட்டும்.

"நிகழ்ச்சிகள் நம்மைக் கலக்குவதில்லை, அவற்றைப் பற்றிய நம் தீர்ப்புகளே கலக்குகின்றன" என்ற புகழ்பெற்ற கையேட்டு வரியை, ஓர் அப்பாவின் வெட்கத்தில் வைத்துக் காட்டும் இடம் இது. வரியை மட்டும் படிப்பவர்கள், "எனவே எதற்கும் கவலைப்படாதே" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அது "திரும்பிப் போய்க் குழந்தையின் பக்கத்தில் உட்கார்" என்று சொல்கிறது.

எல்லோருக்கும் இந்தக் கவனிப்பு கிடைத்துவிடவில்லை. பல தடவை வந்தும் நீங்கள் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று குறைபட்டவரிடம், பேசுவதற்குத் திறமை வேண்டும் என்பது போலக் கேட்பதற்கும் வேண்டும், என்னைப் பேசத் தூண்டும் எதை நீங்கள் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். ரோமக் கனவான் ஒருவர் மகனோடு வந்து ஒரு பாடத்தைக் கேட்டார். "இப்படித்தான் சொல்லிக்கொடுப்பது" என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிட்டார் எபிக்டெட்டஸ். பயிற்சி என்பது வெளியிலிருந்து பார்ப்பவனுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும் என்பது அவர் தந்த விளக்கம். கப்பல் கிடைக்கும்வரை பொழுதுபோக்க எட்டிப்பார்க்கும் பேச்சாளர்களையும் அவருக்கு நன்றாகத் தெரியும். சிலையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு, "எபிக்டெட்டஸிடம் ஒன்றுமில்லை, இலக்கணப் பிழையோடு பேசுகிறார்" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்.

தினசரிப் பயிற்சிதான் அவர் முறையின் முதுகெலும்பு. தர்க்கப் புதிர்களுக்கு உடனுக்குடன் பதில் சொல்லப் பழகுகிறோம் அல்லவா, அதேபோல் கண்ணில் படும் ஒவ்வொன்றும் நம்மைக் கேள்வி கேட்கிறது, அதற்கும் பழகு என்றார். மூன்றாம் புத்தகத்தில் அது ஏறக்குறைய வாய்ப்பாடு மாதிரியே வருகிறது. இன்னாருடைய மகன் இறந்துவிட்டான்; பதில் சொல். நம் கையில் இல்லாதது, எனவே தீமை இல்லை. அப்பா இன்னாரைச் சொத்திலிருந்து விலக்கிவிட்டார், என்ன நினைக்கிறாய்? நம் கையில் இல்லாதது, தீமை இல்லை. அதற்காக அவன் இடிந்துபோனான். இது நம் கையில் இருப்பது, தீமை. மனம் தளராமல் தாங்கினான். இதுவும் நம் கையில் இருப்பது, நன்மை. பிறகு இன்னும் நறுக்காக: அவன் கப்பல் மூழ்கிவிட்டது. என்ன நடந்தது? கப்பல் மூழ்கிவிட்டது. சிறைக்குக் கொண்டுபோனார்கள். என்ன நடந்தது? சிறைக்குக் கொண்டுபோனார்கள். "அவனுக்குக் கெட்டகாலம்" என்பது மட்டும் ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சேர்ப்பது. காலையில் தெருவில் இறங்கியதும் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் வைத்து இதைச் செய்யச் சொன்னார். அழகான பெண் போகிறாள், பதவியில் இருப்பவர் போகிறார், பிள்ளையைப் பறிகொடுத்தவர் போகிறார். நம் கையில் இருப்பதா, இல்லாததா என்ற அந்த அளவுகோலை உடனே எடு.

கோபத்துக்குக் கணக்கு வைக்கச் சொன்னார். முன்பு தினமும் கோபம் வந்தது, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. 30 நாள் வராமல் இருந்தால் கடவுளுக்குப் பலி கொடு. எதையும் சின்னதில் தொடங்கச் சொன்னார். பிடித்த மண்பானையில் ஆரம்பி, "எனக்கு ஒரு பானை பிடித்திருக்கிறது" என்று சொல்லிக்கொள், உடைந்தால் கலங்கமாட்டாய். பொதுக் குளியலறைக்குப் போகும் முன், அங்கே தண்ணீர் தெறிப்பவர்கள், இடிப்பவர்கள், திட்டுபவர்கள், துணியைத் திருடுபவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போ. எனக்கு மிகப் பிடித்தது இது: கொளுத்தும் வெயிலில் தாகமாக இருக்கும்போது ஒரு வாய் குளிர்ந்த நீரை எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிடு, யாரிடமும் சொல்லாதே. அந்தப் பின்பாதிதான் பயிற்சியே. குளிர்நீர்க் குளியலைப் படம் பிடித்துப் போடும் இன்றைய ஸ்டோயிக்குகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வகுப்பில் இதமான சூழல் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. தத்துவப் பள்ளி ஒரு மருத்துவசாலை, சந்தோஷமாக அல்ல, வலியோடுதான் வெளியே போக வேண்டும் என்றார். ஒருவன் தோள் இறங்கி வந்திருக்கிறான், ஒருவன் சீழ்க்கட்டியோடு, இன்னொருவன் தலைவலியோடு. நான் உட்கார்ந்து அழகழகாகச் சொற்பொழிவாற்றினால் நீங்கள் கைதட்டிவிட்டு, தோளும் கட்டியும் தலைவலியுமாக அப்படியே திரும்பிப் போவதா? ஊர் ஞாபகம் வந்தவர்களிடமும் கரிசனம் காட்டவில்லை. வீட்டிலிருந்து யாரும் ஒன்றும் அனுப்புவதில்லை, நிகோபொலிஸில் குளியலறைகள் அழுக்கு, அங்கேயும் அவதி இங்கேயும் அவதி என்று புலம்பும் பையன்களின் குரலில் அவரே பேசிக் காட்டுகிறார். இவன் ஊருக்குத் திரும்பி, படித்தும் பிரயோஜனமில்லை என்பான். திருந்த வேண்டும் என்று இங்கே வந்தவன் எத்தனை பேர்?

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் புத்தகத்தின் 19-ஆம் அத்தியாயத்தில், ஸ்டோயிக் வாதங்களை ஒப்பிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எனக்கு ஒரே ஒரு ஸ்டோயிக்கைக் காட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். நோயிலும் மகிழ்ச்சியாக, ஆபத்திலும் மகிழ்ச்சியாக, சாகும்போதும் மகிழ்ச்சியாக இருக்கும் ஒருவன். இல்லாவிட்டால் அப்படி உருவாகிக்கொண்டிருக்கும் ஒருவனாவது. இந்தக் கிழவனுக்கு அந்தக் காட்சியை மறுக்காதீர்கள். பிறகு மாணவர்களைப் பார்த்து: என்னிடம் நோக்கம் இருக்கிறது, உங்களிடம் வந்திருக்கும் ஆர்வம் இருக்கிறது, காரியமும் முடியக்கூடியதுதான், பின் ஏன் முடியவில்லை? கோளாறு என்னிடம், அல்லது உங்களிடம், உண்மையைச் சொன்னால் இரண்டு பேரிடமும். இப்படி ஓர் ஆசிரியர் வகுப்பில் சொன்னதை ஒரு மாணவன் எழுதிவைத்திருக்கிறான் என்பதே பெரிய விஷயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குழந்தையை முத்தமிடும்போது, நீ முத்தமிடுவது சாகக்கூடிய ஒரு மனிதப் பிறவியை என்று சொல்லிக்கொள் என்ற அறிவுரை, எத்தனை முறை விளக்கம் படித்தாலும் எனக்கு ஜீரணமாவதில்லை. குழந்தைச் சாவு அன்று வீட்டுக்கு வீடு நடந்தது, அவர் ஓர் உண்மையை எதிர்கொள்ளத்தான் சொல்லிக்கொடுத்தார் என்பது புரிகிறது. ஆனால் கையேட்டில் தனியாக நிற்கும்போது அது கல்நெஞ்சமாகவே கேட்கிறது. இதே மனிதர் வயதான காலத்தில், பராமரிக்க முடியாமல் நண்பர் ஒருவர் சாகவிடவிருந்த குழந்தையை எடுத்து வளர்த்தார், அதற்காகவே ஒரு பெண்ணையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார் என்று 6-ஆம் நூற்றாண்டில் கையேட்டுக்கு உரை எழுதிய சிம்ப்ளிசியஸ் சொல்கிறார்.

அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. வெந்நீர் கேட்டு அடிமை கொண்டுவராவிட்டால் கோபப்படாதே, அவனும் உன்னைப் போல் கடவுள் ஜீயஸின் வழிவந்த உன் சகோதரன்தான் என்றார். "ஆனால் நான் அவனை விலைக்கு வாங்கியிருக்கிறேன்" என்றவனிடம், நீ பார்ப்பது மண்ணை, செத்தவர்களின் சட்டத்தை என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். விடுதலை கிடைத்த அடிமை சோற்றுக்காக யார் காலையாவது பிடிக்கிறான், மேலே ஏறி செனட்டராகும்போது மிகப் பளபளப்பான அடிமைத்தனத்தில் விழுகிறான் என்று அவர் விவரிக்கும் இடத்தில், பழைய எஜமானரின் வீடு கண்முன்னே வந்துபோகிறது.

எளிமையாக வாழ்ந்தார். வீட்டுச் சாமிகள் முன் வைத்திருந்த இரும்பு விளக்கைத் திருடன் கொண்டுபோனபோது, நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்கிறேன், இருப்பதைத்தானே இழக்க முடியும் என்றார். ஒரு விளக்குக்காக அவன் திருடன் ஆனான், விலை அதிகம் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் இறந்தபின் ஓர் ஆள் அவருடைய மண் விளக்கை 3000 டிராக்மா கொடுத்து வாங்கினான், அதன் வெளிச்சத்தில் படித்தால் அவருடைய ஞானம் வந்துவிடும் என்று நம்பி. பண்டைய நையாண்டி எழுத்தாளர் லூசியன் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

பிறகு நடந்தது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தன் குறிப்பேட்டின் தொடக்கத்திலேயே, எபிக்டெட்டஸின் உரைக்குறிப்புகளைத் தன் சொந்தப் பிரதியிலிருந்து கொடுத்ததற்காகத் தன் ஆசிரியர் ரஸ்டிகஸுக்கு நன்றி சொல்கிறார். கிறித்துவத் துறவிகள் கையேட்டைத் தங்களுக்கு ஏற்ப மாற்றி, சாக்ரடீஸ் பெயர் வந்த இடத்தில் பவுல் என்று போட்டுப் படித்தார்கள். 1965-இல் வியட்நாமில் விமானம் சுடப்பட்டுப் பிடிபட்ட அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஹனோய் சிறையில் சித்திரவதையைத் தாங்கக் கையேடுதான் உதவியது என்று எழுதினார். அவருக்கும் கால் உடைந்திருந்தது. எண்ணங்களைத் திருத்தி மனநோயைக் கையாளும் சிகிச்சை முறையின் முன்னோடிகளில் ஒருவரான ஆல்பர்ட் எல்லிஸ், தன் அடிப்படைக் கருத்துக்கு எபிக்டெட்டஸையே காட்டினார்.

படிக்க ஆசைப்பட்டால் கையேட்டில் தொடங்காதீர்கள். உரைகளில் முதல் புத்தகத்தின் 11, பிறகு இரண்டாம் புத்தகத்தின் 19, மூன்றாம் புத்தகத்தின் 8, 9, 23. நீளமான நான்காம் புத்தகத்தின் முதல் அத்தியாயம் சுதந்திரத்தைப் பற்றியது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கையேடு அதன் பிறகு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.